பச்சை அணிக்கு ஆள் எடுத்த வருஷம்

எழுபதுகளின் கடைசியில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். லாரிகளுக்கு வேண்டிய இரும்பு உதிரிப் பாகங்களை வார்த்துக் கடைந்து கொடுக்கும் இடம். காலையில் தொழிலாளர்கள் உள்ளே வரும்போது அட்டையில் நேரம் பதிவாகிறதா என்று பார்ப்பதும், தாமதமாக வந்தவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக்கொள்வதும் என் வேலை. பெருமாள் கோவில் கைங்கரியத்தில் இருந்த குடும்பம் எங்களுடையது. அதில் முதன்முதலாக ஃபாக்டரி வாசலை மிதித்தவன் நான்.

எங்கள் ஜெனரல் மேனேஜருக்குக் கூடைப்பந்து என்றால் பைத்தியம். கேன்டீனுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் சிமென்ட் தளம் போட்டு, இரண்டு பக்கமும் பலகையும் வளையமும் நட்டுவிட்டார். டிபார்ட்மென்ட் வாரியாக அணி பிரித்தால் அடிதடியில்தான் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு அணிகள். ஒவ்வொரு வருஷமும் பொங்கல் முடிந்ததும் பழைய அணிகளைக் கலைத்துவிடுவார்கள். ஆட விருப்பம் சொன்ன நாற்பது பேரின் பெயரைப் பலகையில் எழுதிப்போடுவார்கள். நான்கு கேப்டன்களும் முறை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். போன வருஷம் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் முறை; அடுத்த சுற்று கடைசிக் கேப்டனிலிருந்து தலைகீழாகத் திரும்பி வரும். தொழிலாளர்கள் இதை ஏலம் என்பார்கள். அதன் பிறகு வாரம் ஒரு ஆட்டம். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் இறுதி ஆட்டம்.

காஞ்சிபுரத்தில் படித்தபோது கல்லூரி அணியில் இருந்தேன் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அங்கே பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்வதற்குள் என்னைப் பச்சை அணிக்குக் கேப்டனாக்கிவிட்டார்கள்.

முதல் வருஷம் சீட்டுக் குலுக்கியதில் முதல் முறை எனக்கு வந்தது. நான் யோசிக்கவே இல்லை. மெஷின் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த தூத்துக்குடிக்காரரைக் கூப்பிட்டேன். ஆறடி இரண்டு அங்குல உயரம். மாநில ஜூனியர் அணியில் ஆடியவர். சீக்கிரமே ஒரு கம்பெனி அணியை மெட்ராஸ் போட்டிகளுக்கு அனுப்ப வேண்டும் என்று ஜெனரல் மேனேஜருக்கு ஆசை; இவருக்கு வேலை கொடுத்ததே அதற்காகத்தான். இரண்டு வருஷம் பயிற்சிக் காலம், பிறகு நிரந்தரம் என்பது ஏற்பாடு. நான் அவர் பெயரைச் சொன்னதும் மற்ற மூன்று கேப்டன்களும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். கோப்பை எனக்குத்தான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த வருஷம் நாங்கள் கடைசியாக வந்தோம்.

காரணம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. பந்து யார் கைக்கு வந்தாலும் அவரிடம் தள்ளிவிட்டு மற்ற நான்கு பேரும் வேடிக்கை பார்த்தோம். எதிரணி மூன்று பேரை அவர் மேல் ஏவிவிட்டது. அவர் எல்லாரையும் தாண்டிக் குதித்துப் போட்டுப் பார்த்தார். கடைசி ஆட்டத்தில் அப்படிக் குதித்துக் கீழே வந்தபோது இடது முழங்கால் மடங்கி விழுந்தார். “சுளுக்குதான் சார்” என்று சொல்லி நொண்டிக்கொண்டே வெளியே போனார். நாங்களும் சுளுக்கு என்றே நம்பினோம்.

அடுத்த பொங்கல் முடிந்து ஏலத்துக்கு இரண்டு நாள் இருந்தபோது, ஷிஃப்ட் விட்டு எல்லாரும் போன பிறகு அவர் என் ஜன்னலுக்கு வந்தார்.

“சார், இந்தத் தடவ என்னைய எடுக்காதீங்க.”

போன வருஷத் தோல்விக்கு என் மேல் கோபம் என்று நினைத்தேன். “ஏன், வேற கேப்டன் யாராவது கூப்பிட்டாங்களா?”

“அதில்ல சார். ஒங்களுக்குத்தான முதல் முறை? அத என் மேல வீணாக்காதீங்கன்னு சொல்லுதேன்.” பேன்ட் மேல் கை வைத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “இதுக்குள்ள என்னமோ கிழிஞ்சுபோச்சாம். மெட்ராஸ்ல டாக்டர்கிட்டக் காமிச்சேன். நடக்கலாம், நிக்கலாம், குதிக்கக் கூடாதுன்னுட்டார். இனிமே எப்பவுமே.”

“ஜி.எம்.முக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வேல போயிரும் சார். ஆட்டத்துக்காகத்தான என்னைய எடுத்தாங்க? பயிற்சி முடிய ஆயுத பூஜ கழிஞ்சிரும். அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டணும். அப்பா உப்பளத்துல வேல பாக்காரு. அந்த வெளிச்சத்துல கண்ணு ரெண்டும் மங்கிப்போச்சு. இனிமே அளத்துக்குப் போகாதீங்கன்னு போன மாசம்தான் லெட்டர் எழுதிப்போட்டேன்.”

அன்று வீட்டுக்குப் போயும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நான் எடுக்காவிட்டால் அடுத்த முறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அவரை எடுப்பார். முதல் நாள் பயிற்சியிலேயே குதிக்கச் சொல்வார். அன்றே விஷயம் வெளியே வந்துவிடும். கடைசிவரை யாருமே எடுக்காவிட்டால் ஜெனரல் மேனேஜர் காரணம் கேட்பார், அது அதைவிட மோசம். ஏலத்தன்று முதல் ஆளாக அவர் பெயரையே சொன்னேன். அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு என் முறை வரும்போதெல்லாம் நல்ல ஆட்டக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். பலகையைப் பார்த்தால் மிச்சம் இருந்தவர்களில் பாதிப் பேர் பந்தையே தொடாதவர்கள். ஆனால் டைம் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. யார் எப்படி நடக்கிறார், யார் சங்கு ஊதினால் ஓடுகிறார், யார் சண்டைக்கு நிற்கிறார் என்பதெல்லாம் தினம் இரண்டு தடவை கண்ணில் படும். அதை வைத்துத்தான் எடுத்தேன்.

ஃபவுண்டரி கிரேன் ஓட்டுபவரை எடுத்தேன். குன்றத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், குள்ளம். மேலே கூண்டில் உட்கார்ந்துகொண்டு, கொதிக்கும் இரும்புத் தொட்டியைச் சொட்டுச் சிந்தாமல் அச்சுக்கு நேராக நிறுத்துவார். பிறகு பிரஸ் ஷாப்பிலிருந்து ஒரு கபடிக்காரர். ஒரகடம் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். ஆள் பாறாங்கல் மாதிரி இருப்பார். கடைசி முறையில் பலகையில் ஒரே ஒரு பெயர்தான் பாக்கி. லோடிங்கில் ஹெல்பராக இருந்த ஒருவர். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். அவர் அட்டையில் ஒருநாளும் தாமதத்துக்கான சிவப்பு மை விழுந்ததில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“சார் டீம் எடுக்கிறாரா, பந்தி பரிமாற ஆள் எடுக்கிறாரா?” என்று சிவப்பு அணிக் கேப்டன் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நாலரைக்கு, முதல் ஷிஃப்ட் முடிந்ததும், சிமென்ட் தளத்தில் கூடினோம். தூத்துக்குடிக்காரர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். வயிற்றுவலி என்று அன்றைக்கு ஒரு சாக்கு. அதற்குப் பிறகு சாக்கே தேவைப்படவில்லை. பயிற்சி கொடுப்பவர் அவர்தான் என்றாகிவிட்டது.

ஒரு மாதம் யாரையும் வளையத்தின் பக்கம் போகவிடவில்லை. பந்தை வாங்கு, கொடு, நகரு. திரும்ப வாங்கு, கொடு, நகரு. “கொடுத்துட்டு நிக்கப்பிடாது. நின்னா நீங்க ஆட்டத்துல இல்ல, வேடிக்க பாக்க வந்திருக்கிய” என்பார். போன வருஷம் நான் செய்ததைத்தான் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கும்.

கபடிக்காரரோடு பெரும் பாடு. யாராவது பந்தோடு பக்கத்தில் வந்தால் கை தானாகப் போய் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஐந்து நிமிஷத்தில் ஐந்து ஃபவுல் ஆகி வெளியே வந்தார்.

“பக்கத்துல வந்தா வுட சொல்றியா? அது எப்டி வுட முடியும்?” என்று தூத்துக்குடிக்காரரிடம் சண்டைக்குப் போனார்.

தூத்துக்குடிக்காரர் கழுத்தில் போட்டிருந்த துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தார். “இத முதுகுக்குப் பின்னால ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்கண்ணே. இப்ப காலாலயே மறிங்க.”

இரண்டு வாரம் அந்த மனிதர் துண்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டிலேயே ஓடினார். கேன்டீன் ஜன்னலில் கூட்டம் கூடிச் சிரித்தது. மூன்றாவது வாரம் துண்டு இல்லாமல் ஆடியபோது அவரைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை.

கிரேன்காரருக்கு நேர்மாறான பயிற்சி. அவருக்கு உயரமும் இல்லை, ஓட்டமும் இல்லை. தூரத்தில் நின்று இரண்டு கையாலும் எறியச் சொல்லிக்கொடுத்தார். தரையிலிருந்து கால் எழும்பாமல் போடும் பழைய பாணி. தினமும் எழுபது எண்பது தடவை. ஒருநாள் எல்லாரும் போன பிறகு, தூத்துக்குடிக்காரர் தானும் அதே மாதிரி நின்று எறிந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பத்துக்கு எட்டு விழுந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பந்தைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தார்.

ஹெல்பருக்குப் பந்தைக் கண்டாலே பயம். வேகமாக வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் எல்லாருக்கும் முன்னால் வந்து, வேப்பிலைச் சருகெல்லாம் பெருக்கித் தளத்தைச் சுத்தமாக வைத்திருப்பார். சுவரில் எறிந்து எறிந்து தானாகவே பிடித்துப் பழகினார். ஆடி மாதம் வாக்கில் அவர் கைக்கு வந்த பந்து கீழே விழுவதில்லை என்று ஆனது.

அந்த வருஷம் நான் ஆடாமல் வெளியே நின்றே அணியை நடத்தினேன். ஆட்டங்களில் தூத்துக்குடிக்காரரை முதல் சில நிமிஷம் மட்டும் இறக்குவேன். நின்ற இடத்தில் நின்று இரண்டு பாஸ் கொடுப்பார். பிறகு வெளியே கூப்பிட்டுக்கொள்வேன். ஒருதரம் ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“என்ன மிஸ்டர், பெரிய ஆட்டக்காரரைப் பெஞ்சிலேயே வெச்சிருக்கீங்க?”

“ஃபைனலுக்காக ஒளிச்சு வெச்சிருக்கேன் சார்.”

அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஆட்டத்துக்காக வேலைக்கு எடுத்தவர்கள் எந்தக் கம்பெனியிலும் பொதுவாக மெஷினைத் தொட மாட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள். மெஷின் ஷாப் ஃபோர்மேனிடம் போய், தூத்துக்குடிக்காரருக்கு லேத் வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டேன். வாலாஜாபாத் பக்கத்துப் பெரியவர், எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்.

“இன்னா சாமி, ஆட்டக்காரனுக்கு லேத்து இன்னாத்துக்கு?”

“எதுக்கும் தெரிஞ்சு வெச்சுக்கட்டுமே. எனக்காகச் செய்யுங்க.”

முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அவரே என் ஜன்னலுக்கு வந்தார். “அந்தத் தம்பி கை சுத்தமான கை சாமி. ஆனா ஒரு கால்லயேதான் பாரம் போட்டுகினு நிக்குது. இன்னா விஷயம்?”

நான் அட்டைகளை அடுக்கத் தொடங்கினேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் அந்த லேத்துக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று வந்திருந்தது.

முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்றோம். மூன்றாவதில் ஒரு புள்ளியில் ஜெயித்தோம். அதற்கப்புறம் மடமடவென்று வந்தது. பந்து ஒருவர் கையில் நிற்காமல் ஐந்து பேரிடமும் சுற்றும். எதிரணி யாரை மறிப்பது என்று தெரியாமல் திணறும். கடைசியில் கிரேன்காரர் எங்கிருந்தோ எறிவார். செப்டம்பர் கடைசியில் நாங்கள் இறுதி ஆட்டத்தில் இருந்தோம். எதிரே சிவப்பு அணி.

இறுதி ஆட்டத்துக்கு மெட்ராஸிலிருந்து நடுவர்கள். அணிக்கு எட்டுப் பேர்தான், எண் போட்ட எட்டு பனியன்தான். பத்துப் பேரில் இரண்டு பேரை நான் நீக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல், அவரை நீக்குவதில் சிரமமில்லை. இன்னொருவர் யார் என்பதில் நேர்மையாகப் பார்த்தால் கேள்வியே இல்லை. குதிக்க முடியாதவரின் பெயரைத்தான் அடித்திருக்க வேண்டும். ஆனால் ஃபைனலுக்காக ஒளித்துவைத்திருப்பதாகச் சொன்ன ஆளின் பெயர் பட்டியலில் இல்லாமல் எப்படி? ஹெல்பரின் பெயரை அடித்தேன். ஆட்டத்துக்கு முதல் நாள் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

சாயங்காலம் பயிற்சிக்கு ஹெல்பர் எப்போதும்போல வந்து தளத்தைப் பெருக்கினார். எல்லாரும் ஆடி முடிக்கும்வரை இருந்து பந்தைப் பொறுக்கிப் போட்டார். போகும்போது என்னிடம் வந்தார்.

“நாளிக்கு வூட்ல எல்லாரையும் வர சொல்லிகீறேன் சார். ஆட்டம் பாக்க. இப்ப இன்னா சொல்றது?”

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே என்ன சொல்லலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் “அடுத்த வருஷம் கட்டாயம்” என்று ஏதோ உளறினேன். தலையாட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

தூத்துக்குடிக்காரர் மரப்பெட்டியிலிருந்து எழுந்து வந்தார். அவர் என் மேல் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“அவர் பேர எதுக்கு அடிச்சிய?”

“உங்களுக்காகத்தான்.”

“நான் கேட்டனா சார்? வேலையக் காப்பாத்தணும்னுதான் கேட்டேன். அவர் எடத்தப் பிடுங்கிக் குடுங்கன்னு கேக்கல.”

“இன்னும் ரெண்டு வாரம்தான். பயிற்சிக் காலம் முடிஞ்சிடும்...”

அவர் முழுவதும் கேட்கவில்லை. திரும்பி நடந்துவிட்டார்.

மறுநாள் காலை நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜெனரல் மேனேஜர் அறையிலிருந்து ஆள் வந்தது. உள்ளே தூத்துக்குடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். மேஜை மேல் மெட்ராஸ் டாக்டரின் சீட்டு. எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டிருந்தார்.

“எப்பலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?” என்று ஜெனரல் மேனேஜர் கேட்டார்.

“பொங்கல்லேர்ந்து சார்.”

“ஒன்பது மாசம். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கீங்க.”

“ஆமா சார்.”

அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். அங்கிருந்து பார்த்தால் சிமென்ட் தளம் தெரியும். பிறகு ஃபோர்மேனைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

“இவர் வேலையில எப்படி? ஆட்டத்தை விட்டுடுங்க. வேலையில.”

ஃபோர்மேன் எங்கள் இருவரையும் பார்த்தார். சூழ்நிலை அவருக்குப் புரிந்துவிட்டது. “மூணு மாசமா இந்தத் தம்பி கடைஞ்ச பீஸு ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆவல சார். கால் போனா போவட்டும், கை நல்லாத்தான கீது? எனக்கு ஆள் வோணும். நீங்க வாணாம்னாலும் எனக்கு வோணும்.”

ஜெனரல் மேனேஜர் உடனே எதுவும் முடிவு சொல்லவில்லை. “சாயங்காலம் ஆட்டம் இருக்கு. போய் டீமைப் பாருங்க” என்றார் என்னிடம். “பட்டியல்ல ஒரு பேரை மாத்தணும் இல்லையா? மாத்திடுங்க.”

லோடிங்குக்கு நானே நடந்துபோனேன். ஹெல்பர் லாரி மேல் நின்று பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். பச்சைப் பனியனைக் கீழிருந்து நீட்டினேன். எண் எட்டு. அவர் கையைப் பேன்ட்டில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினார். “நெஜமாவா சார்?” என்று கேட்டார். தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் அது ஒரு குறைதான்.

அன்றைய ஆட்டத்தைப் பற்றி ஊரில் பல விதமாகச் சொல்வார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாதி ஆட்டம்வரை சிவப்பு அணிதான் முன்னால் இருந்தது. அவர்களிடம் உயரம் இருந்தது. இரண்டாம் பாதியில் கபடிக்காரர் அவர்களுடைய முக்கிய ஆளின் நிழல்போல ஒட்டிக்கொண்டார். கை ஒருதரம்கூட நீளவில்லை. எரிச்சலில் அந்த ஆள்தான் இவரைத் தள்ளி ஃபவுல் வாங்கினார். கிரேன்காரர் மூலையிலிருந்து நான்கு பந்து போட்டார். ஹெல்பர் ஆறு நிமிஷம் ஆடினார். ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் வந்த பந்தையெல்லாம் பிடித்தார், பிடித்ததைச் சரியான ஆளிடம் கொடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியும் தம்பிமாரும் அண்டை வீட்டாரும் ஒரு பெரிய கூட்டமாக நின்று, எதற்கென்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். தூத்துக்குடிக்காரர் தன் சொந்தச் சட்டையோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவர், விசில் ஊதியதும் எழுந்து நிற்க மறந்து அப்படியே அழுதார்.

பூஜை விடுமுறை முடிந்து வந்ததும் இரண்டு கடிதங்கள் வந்தன. எனக்கு வந்தது மெமோ. இனிமேல் எந்த அணிக்கும் நான் கேப்டனாக இருக்கக் கூடாது. அதில் எனக்கு வருத்தமில்லை, நியாயம்தான். அவருக்கு வந்தது நிரந்தர நியமனம், லேத் ஓட்டும் டர்னர் என்ற பதவியில். விளையாட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை என் ஜன்னலில் வைத்துப் படித்துக்காட்டச் சொன்னார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும்போல இருந்ததாம். அந்தத் தீபாவளிக்கு அவருடைய அப்பா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கிவிட்டுப் போனார்.

மறு ஏலத்தில் பச்சைக்கு வேறு கேப்டன். மூன்றாவது சுற்றிலேயே தன்னை நீல அணிக்கு எடுத்துவிட்டார்கள் என்று ஹெல்பர் ஜன்னலில் வந்து சொன்னார். கம்பெனி அணிக்குப் பயிற்சியாளராகத் தூத்துக்குடிக்காரரையே ஜெனரல் மேனேஜர் போட்டார். ஒரு நிபந்தனை: எட்டு மணி நேரமும் லேத்தில் நின்ற பிறகுதான் மைதானம். அந்த அணியில் கிரேன்காரரும் கபடிக்காரரும் இருந்தார்கள். ஸ்கோர் எழுத என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

மெட்ராஸில் முதல் ஆட்டத்தில் ஜெயித்து, இரண்டாவதில் ஒரு பேங்க் அணியிடம் பதினெட்டுப் புள்ளியில் தோற்றோம். திரும்பி வரும்போது வேனில் கபடிக்காரர் நடுவரைத் திட்டிக்கொண்டே வந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தூத்துக்குடிக்காரர் டிரைவருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பூந்தமல்லி வரும்வரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு திரும்பிப் பார்த்து, “கொடுத்துட்டு நிக்கிறிய, எல்லாரும்” என்றார். கபடிக்காரர் நடுவரைத் திட்டுவதை நிறுத்தினார். நான் ஸ்கோர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.